மூன்றாவது மடக்கு

பஸ் இன்னும் கிளம்பவில்லை. டிரைவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். குணாளன் ஜன்னல் வழியாக அவருடைய தொண்டையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐந்து மாதமாக இந்தப் பழக்கம். யார் எதைக் குடித்தாலும் அவன் கண் அங்கேதான் போகிறது. தாடைக்குக் கீழே அந்தக் குமிழ் மேலே ஏறி, ஒரு கணம் நின்று, பிறகு இறங்குகிற இடம். அது ஏறும்போது இவன் மூச்சு நின்றுவிடும். இறங்கினால்தான் விடுவான். வீட்டில் மகள் ராத்திரி பால் குடிக்கிற நேரம் பார்த்து மாடிக்குப் போய்விடுகிறான். முதலில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவா, மெதுவா என்று ஒவ்வொரு வாய்க்கும் சொன்னான். "அவ தொண்டையவே இப்படி முறைக்காதீங்க, பிள்ளை பயப்படுறா" என்று மனைவி சுகந்தி சொன்ன பிறகுதான் மாடிக்குப் போக ஆரம்பித்தான். அவளிடம் காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தாத்தா போன துக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் அம்மாவிடம் போனில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "உசிரா இருந்தாருல்லம்மா, அதான்."

டிரைவர் ஏறினார். பெரியார் நிலையத்திலிருந்து திருநகர் இரண்டாவது ஸ்டாப்புக்கு அரை மணி நேரம், கூட்டமிருந்தால் முக்கால் மணி. கூட்டம் இருக்கட்டும் என்று நினைத்தான். காலை பதினொன்றரைக்கு யார் வரப்போகிறார்கள், பாதி சீட் காலி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கடையில், ஒரு ஆசிரியைக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. நாகரத்தினம் அத்தை. தாத்தாவின் ஒரே மகள். "குணா, கடையிலயாய்யா இருக்க? மாமா இழுத்துக்கிட்டே கெடக்காக. சின்னவன் நேத்தே பால் குடுத்துட்டான், பெரியவ சென்னையிலருந்து வந்து குடுத்துட்டா, அவுக அக்கா தங்கச்சி எல்லாரும் குடுத்தாச்சு. நெஞ்சு மட்டும் ஏறி ஏறி எறங்குது. நீ ஒரு எட்டு வந்து உன் கையால குடுத்துட்டுப் போயிடுய்யா." அவன், "சரித்தே" என்றான். அவ்வளவுதான். யாரோ பேனா இரவல் கேட்டதுபோல, சரித்தே. முடியாது என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறதே என்று போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கண்ணாடியின் ஒரு காது லேசாக ஏறியிருந்தது. அதைச் சூடு காட்டி வளைத்தான். கை நடுங்கவில்லை. அவன் கை நடுங்கியதே இல்லை. பதினான்கு வருஷமாக லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் உட்காரவைக்கிற கை. முதலாளி கேட்டுவிட்டு, "போயிட்டு வாப்பா, புண்ணியம்தான" என்றார். அந்த டீச்சர்கூடப் புதுக்கண்ணாடி வழியாக அவனை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்.

எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். தாத்தா காரியத்தன்று ஆரம்பித்தது. பந்தியில், மோருக்குக் காத்திருந்த நேரத்தில், அத்தைதான் சொன்னாள், நாலு நாளாக் கெடந்தாரு, யாரு குடுத்தும் போகலை, இவன் வந்து குடுத்தான், மூணு மடக்குக் குடிச்சாரு, கால் மணி நேரத்துல அடங்கிட்டாரு, இவனுக்காகத்தான் உசிரைப் பிடிச்சு வச்சிருந்திருக்காரு. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எதிர்வீட்டு அய்யாவு சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், "தம்பி, எனக்கும் இப்பவே சொல்லி வச்சிடுறேன். அந்த நேரம் பாத்து வெளியூரு கிளியூரு போயிடாதீக" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தது மட்டுமில்லை. இதை அவன் இன்னும் முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை, பாதியிலேயே மனசு வேறு பக்கம் ஓடிவிடும், இப்போது பஸ் பழங்காநத்தத்தில் நிற்கிறது, ஏறுகிற ஆளையோ இறங்குகிற ஆளையோ எண்ணலாம், ஆனால் நினைத்துவிட்டான். அன்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. எண்பத்தாறு வயது மனிதருக்கு மூன்று பிள்ளைகள், ஏழு பேரப்பிள்ளைகள். அதில் தன் கையை எதிர்பார்த்துத்தான் ஒரு உயிர் இருந்திருக்கிறது என்று பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் வாசனைக்கு நடுவில், சந்தோஷப்பட்டான். இரண்டு நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது. மூன்றாம் நாள்தான் சட்டை.

ஆஸ்பத்திரியிலிருந்து தாத்தாவைக் கூட்டிவந்த அன்று போட்டிருந்த சட்டை. துவைத்துக் காய்ந்து இஸ்திரிக்குப் போகிற மூட்டையில் கிடந்தது. பையில் ஏதோ உறுத்தியது. எடுத்தான். கூழாகி, உருண்டையாகி, காய்ந்து கட்டியான காகிதம். பிரிக்க வரவில்லை. ஓரத்தில் கொஞ்சம் நீல மை. அது என்ன காகிதம் என்று படிக்காமலே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு அந்த நர்ஸ், கன்னத்தில் மருவுள்ள, சின்னப் பெண்தான், அவனைத் தனியாகக் கூப்பிட்டு எழுதிக் கொடுத்தது. "சார், வாய் வழியா ஒண்ணும் குடுக்காதீங்க. விழுங்குற நரம்பு போயிடுச்சு அவருக்கு. ஒரு ஸ்பூன் தண்ணிகூட நேரா நுரையீரலுக்குத்தான் போகும். வாய் காஞ்சா பஞ்சை நனைச்சுத் துடைங்க, அவ்வளவுதான்." தலையாட்டினான். காகிதத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டான். பிறகு அதை யாரிடமாவது சொன்னானா? இங்கேதான் வந்து வந்து நிற்கிறது. ஆம்புலன்ஸில் அப்பாவிடம் சொன்னதுபோல ஒரு ஞாபகம் இருக்கிறது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியபடி ம் என்றார். அந்த ம் நன்றாகக் காதில் இருக்கிறது. ஆனால் அது எதற்குச் சொன்ன ம்? வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடத்திய பிறகு, எல்லாரும் நிற்கும்போது உரக்கச் சொன்னதுபோல இன்னொரு ஞாபகம். இதில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் சுகந்தியும் நிற்கிறாள். ஆனால் சுகந்தி அன்று வரவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை. ஆக அது அவனாகச் செய்துகொண்டது. அப்படியானால் ம் மட்டும் நிஜமா? காகிதம் சட்டைப்பையிலேயே இருந்து சலவைக்குப் போயிருக்கிறது. அது ஒன்றுதான் நிஜம். கையில் வைத்துப் பார்த்தான். உருட்டினால் உருண்டது. குப்பையில் போடவில்லை. கடையில் அவன் மேஜை டிராயரில், பழைய மூக்குத்தாங்கிகள் போட்டுவைக்கிற டப்பாவில் இருக்கிறது.

கண்டக்டர் டிக்கெட் கேட்டார். எங்கே என்றார். ஒரு நொடி அவனுக்கு ஊர் பெயர் வரவில்லை. "திருநகர்" என்றான். "எத்தனாவது ஸ்டாப்புண்ணே?" இரண்டு என்று விரலைக் காட்டினான். இரண்டு விரல். அன்று இரண்டோடு நிறுத்தியிருந்தால். ஒன்றோடு நிறுத்தியிருந்தால். மற்றவர்கள் யாரும் உண்மையில் கொடுக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. அப்பா துளசி இலையை நனைத்து உதட்டில் வைத்தார். சித்தப்பா பால்சங்கின் முனையை உதட்டுக்குக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டார், பால் முழுக்கக் கடைவாயில் வழிந்து தலையணைக்குப் போனது. அது வழக்கம், சடங்கு, யாரும் குடிக்கட்டும் என்று கொடுப்பதில்லை. இவன்தான் கொடுத்தான். அந்த வெள்ளிச் சங்கு குழந்தைகளுக்கு வாங்கியது. மூக்கு மாதிரி முனை நீண்டது. அந்த வீட்டில் பிறந்த ஏழு பிள்ளைகளுக்கும் தாத்தாதான் அதில் பால் புகட்டியிருக்கிறார், அம்மாக்களுக்குக்கூட அந்தப் பொறுமை இல்லை. மடியில் போட்டு, தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு, நிறுத்தம், ஒரு சொட்டு. தன் தங்கச்சிக்கு அவர் அப்படிப் புகட்டியதைக் குணாளன் பார்த்திருக்கிறான். தலையைத் தூக்கிப் பிடிக்கணும்டா, இல்லைன்னா புரையேறும் என்று தாத்தா சொன்னதும் கேட்டிருக்கிறான். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் காதில் விழுந்தது. தாத்தாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள்.

தாத்தா பேர் அங்குசாமி. பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்பதே வேலையாக இருந்த மனிதர் வீட்டிலும் அப்படியே இருந்தார். ராத்திரி கதவைப் பூட்டும் முன்னால் வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்ப்பார். ஒரு ஜோடி குறைந்தால் பூட்ட மாட்டார், யாரு இன்னும் வரலை என்பார். கல்யாண வீடுகளில் தன் ஆட்கள் கடைசி ஆளும் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருவார். வீட்டில் எல்லோருடைய ரத்த வகையையும் ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மருமகன், மருமகள்கள் உட்பட. ஒருமுறை சித்தி, "மாமா, கொசுவுக்குத் தெரிஞ்சாப் போதும், உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டதற்கு, "கொசு ஆஸ்பத்திரிக்குக் கூட வராதும்மா" என்றார். அவனுக்கு டைபாய்டு வந்த வருஷம் ஒரு மாதம் கஞ்சி அவர் கையால்தான். வேறு யார் கொடுத்தாலும் வாயை இறுக்கிக்கொள்வான். அவர் கரண்டியைக் கொண்டுவந்தால் மட்டும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பசியில்லாவிட்டாலும். குமட்டினாலும்.

தானாகத் திறந்துகொள்ளும். அன்றும் அப்படித்தான் திறந்தது. பசுமலை தாண்டியது. வெயில் இப்போது அவன் பக்கம் வந்துவிட்டது. எழுந்து எதிர்ச் சீட்டுக்குப் போகலாம், போகவில்லை. நாலு நாளாகக் கண் மூடிக் கிடந்தவர், அவன் கிட்டே குனிந்ததும் கண்ணைத் திறந்தார். வாயைத் திறந்தார். அத்தை பின்னாலிருந்து, "பாரு, திறக்காரு, குடுய்யா குடுய்யா" என்றாள். அவன் சங்கை வைத்துச் சாய்த்தான். ஒரு மடக்கு. இறங்கியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது, குடிக்கிறாரே என்று. இரண்டாவது மடக்கு. இறங்கியது. நர்ஸ் சொன்னது அப்போது ஞாபகத்தில் இருந்ததா? இல்லை என்று சொல்லிவிட அவனுக்கு ஆசை. ஆனால் இருந்தது. அதோ இறங்குகிறதே, அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், எங்க தாத்தாவைப் பத்தி என்று நினைத்தான். அப்படியே, அந்த வார்த்தைகளிலேயே. மூன்றாவது மடக்கில் ஒரு சின்ன இருமல். சின்னதுதான், குழந்தை இருமுகிற மாதிரி. அவன் என்ன செய்தான்? உச்சந்தலையில் தட்டினான். தட்டி, "யாரோ நினைக்கிறாங்க தாத்தா" என்றான். சோற்றில் புரையேறினால் சொல்வதைப்போல. வீட்டில் ஆயிரம் தடவை அவர் அவனுக்குச் சொன்னது. பக்கத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்கூட. பிறகு அந்தச் சத்தம், குழாயில் தண்ணீர் தீர்ந்து காற்று வருகிற மாதிரி, கால் மணி நேரம். பிறகு அதுவும் இல்லை. அத்தை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா பந்தல்காரருக்குப் போன் செய்ய வெளியே போனார்.

இதையெல்லாம் அவன் தினமும் நினைக்கிறான். இது பழகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். பழகாதது வேறு. போன மாதம் கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டக் குனிந்தபோது, அவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். காது மாட்டுகிற இடம் வலிக்கிறது என்றோ என்னவோ. அந்தக் கணத்தில் குணாளன் கை அப்படியே நின்றது. பேச வருகிறவனும் வாயைத்தான் திறப்பான். தாத்தா ஆஸ்பத்திரியில் நினைவு தப்புவதற்கு முன்னால் இரண்டு நாள் கேட்டுக்கொண்டேயிருந்தது, வண்டியெல்லாம் வந்துருச்சா, யாரு இன்னும் வரலை. அன்று கண்ணைத் திறந்து அவனைப் பார்த்து வாயைத் திறந்தது பாலுக்கா? எதையாவது சொல்லவா? யாரையாவது கேட்கவா? ஒரு வார்த்தை வந்துகொண்டிருந்த வாயில் அவன் பாலை ஊற்றிவிட்டானா? இதற்கு ஆதாரம் எந்தச் சட்டைப்பையிலும் கிடைக்கப்போவதில்லை. நுரையீரலில் பால் போனதைவிட இது அவனை அதிகம் அலைக்கழிக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. செத்துப்போயிருப்பார், நாலு நாளில் இல்லாவிட்டால் ஆறு நாளில், அது அவனுக்குத் தெரியும். என்ன சொல்ல வந்தார் என்பது மட்டும் இனி ஆறு நாளிலும் அறுபது நாளிலும் தெரியாது.

இரண்டாவது ஸ்டாப்பில் இறங்கினான். அத்தை வீட்டுக்கு நேர் தெருவில் போகலாம். அவன் பார்க் பக்கமாகச் சுற்றிப்போனான். மாமாவுக்குக் கொடுத்து அவரும் அடங்கிவிட்டால்? கொலை, அந்த வார்த்தையை அவன் இதுவரை நினைத்ததில்லை, இப்போது நினைத்தான், ஒரு வேப்பமரத்தடியில் நின்று. கொடுத்தும் அடங்காவிட்டால்? அப்போது கைராசி பொய் என்றாகிவிடும். அப்படியானால் தாத்தாவை அனுப்பியது ராசி இல்லை, பால்தான் என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். இரண்டில் எதற்குத் தான் அதிகம் பயப்படுகிறோம் என்று பார்த்தான். விடை பிடிக்கவில்லை. சொல்லிவிடலாம். போனதும் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, தாத்தாவுக்கு நர்ஸ் குடுக்க வேண்டாம்னு சொல்லியிருந்துச்சு, நான்தான் யார்கிட்டயும் சொல்லலை, நான் குடுத்ததுலதான் போனாரு, மாமாவுக்கு என்னால முடியாது. நாலு வாக்கியம். நடந்துகொண்டே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை சொல்லும்போது வீடு வந்துவிட்டது.

சௌந்திரபாண்டி மாமாவுக்குப் பதினோரு மாதமாகப் படுக்கை. முதல் பக்கவாதத்தில் வலது பக்கம், இரண்டாவதில் பேச்சு. முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். மகனும் மகளும் உள்ளே எங்கோ இருந்தார்கள், குரல் கேட்டது, வெளியே வரவில்லை. அத்தை வாசலுக்கே வந்துவிட்டாள். "வாய்யா. வெயில்ல நடந்தா வந்த? ஆட்டோ பிடிச்சு வந்திருக்கலாம்ல." பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "இந்தா, யாரு வந்திருக்கான்னு பாருங்க" என்றாள். மாமா கண் மூடியிருந்தது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. கட்டிலுக்குக் கீழே டெட்டால் வாடை. ஸ்டூலில் டம்ளர் நிறையப் பாலும், அப்பா வீட்டிலிருந்து வாங்கிவந்து வைத்திருந்த அந்த வெள்ளிச் சங்கும்.

"அத்தே" என்றான் குணாளன். "தாத்தாவுக்கு ஆஸ்பத்திரியில ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

"ம்."

"வாய் வழியா. குடுத்தா நுரையீரலுக்குப் போயிடும்னு. நான் யார்கிட்டயும் சொல்லலை. நான் குடுத்ததுலதான் தாத்தா."

அத்தை முந்தானையால் மாமாவின் கடைவாயைத் துடைத்தாள். "தெரியும்யா" என்றாள்.

அவனுக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை.

"அந்த நர்சுப் பிள்ளை எங்கிட்டயும் சொல்லுச்சு. உங்கப்பன்கிட்டயும் சொல்லுச்சு."

"அப்புறம் ஏன் சங்கை எங்கிட்ட குடுத்தீங்க?"

அவள் தலையணையைச் சரிசெய்தாள். "நீ சாயங்காலம் கடை முடிஞ்சு வருவ, பத்து நிமிசம் நிப்ப, போயிடுவ. நாலு நாளு அவரு என்னா பாடு பட்டாருன்னு உனக்குத் தெரியாது. முதுகு புண்ணைத் துடைக்கையில அவரு முனகுனதை நீ கேக்கலை. எங்க யாருக்கும் வாயைத் தொறக்கலைய்யா. அண்ணன் குடுத்தாரு, தம்பி குடுத்தான், பெத்த மக நான் கெஞ்சுனேன். பல்லைக் கடிச்சுக்கிட்டாரு. உனக்குன்னா தொறப்பாருன்னு தெரியும்." குரல் உயரவில்லை. காய்கறி விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "தெரிஞ்சுதான் உன்னை முன்னால விட்டோம். தப்புன்னா அது எங்க தப்பு. நீ ஏன்யா அதைச் சுமந்துக்கிட்டுத் திரியிற?"

ஐந்து மாதம். அவன் ஏதோ இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தான். தோளிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ. எதுவும் இறங்கவில்லை. தன்னை நம்பித் திறந்த வாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். அதை வேறு நாலு பேர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள் என்பதுதான் புதிதாக வந்து சேர்ந்தது. அந்த ம். ஆம்புலன்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பியபடி அப்பா சொன்ன ம்.

"மாமாவும் உனக்குத் தொறப்பாக" என்றாள் அத்தை. "சின்னப்பிள்ளையில லீவுக்கு வந்தா இவுக நெஞ்சுமேலதான தூங்குவ. உங்க தாத்தாவுக்கு அதுல பொறாமைகூட." லேசாகச் சிரித்தாள். பதினோரு மாதத்தில் பாதியாகிப்போயிருந்தாள். கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. "எனக்கு முடியலைய்யா" என்றாள்.

டம்ளரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். ஆறின பால். அவன் கட்டில் அருகே குனிந்தான். "மாமா" என்றான். "மாமா, குணா வந்திருக்கேன்." இமை அசைந்தது. கண் திறந்தது, ஒன்று முழுதாக, ஒன்று பாதி. அவனைத் தேடி, கண்டுபிடித்து, நின்றது. வாய் திறந்தது.

அவன் இன்னும் குனிந்து, காதை அந்த வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "என்ன மாமா? என்ன சொல்றீங்க? சொல்லுங்க." மூச்சு வந்தது. சூடாக, லேசான புளித்த வாடையோடு. இன்னொரு மூச்சு. அதில் வார்த்தை ஏதும் இருந்ததா என்று காத்திருந்தான். பின்னால் அத்தை அசையாமல் நின்றாள். உள்ளே பேச்சுக்குரல் நின்றுவிட்டிருந்தது. இன்னொரு மூச்சு. இடது கை விரல்கள் போர்வையில் எதையோ தேடின. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். அது பிடித்துக்கொண்டது, எதிர்பாராத பலத்துடன். காதை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதுகு வலிக்க ஆரம்பித்தது.

"குடுய்யா" என்றாள் அத்தை.

நிமிர்ந்தான். மாமாவின் வாய் இன்னும் திறந்தேயிருந்தது. ஒரு கை மாமாவிடம் இருந்தது, ஒரு கையில் டம்ளர். அதை என்ன செய்வதென்று தெரியாமல் உதட்டுக்குக் கொண்டுபோய்த் தானே குடித்தான். ஒரு மடக்கு. இரண்டு. சர்க்கரை போட்டிருந்தார்கள். நிறுத்தாமல் முழுவதையும் குடித்துமுடித்தான்.

அத்தை அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபப்படவில்லை. காலி டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கினாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.